மூட்டை போகிற வண்டி

மூங்கிப்பள்ளத்துக்காரர்களுக்குப் பஸ் என்றால் மூட்டை போகிற வண்டி. ஆள் போவதற்குத்தான் ஆண்டவன் இரண்டு கால் கொடுத்திருக்கிறானே. இதைக் கேட்டுக் கீழ்நாட்டுக்காரர்கள் சிரிக்கலாம், சிரித்துவிட்டுப் போகட்டும். மன்னவனூருக்கு அப்பால் அஞ்சு மைலில், கிளாவரைக்கும் போளூருக்கும் போகிற பாதை பிரிவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பள்ளத்தில் அறுபது வீடு. அங்கிருந்து பூம்பாறைக்கு ரோட்டு வழியாகப் போனால் பதினாலு மைல். எதிர்ப்பட்ட மலையை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றாமல் அந்த ரோடு நகராது. சோலைக்குள் இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் போனால் ஆறே மைல். காலையில் ஆறு மணிக்குப் பஸ் கூரையில் மூட்டையை ஏற்றிவிட்டு, கையில் ஒரு கம்போடு பாதையில் இறங்கினால், பஸ் பூம்பாறைக்கு வந்து ஹாரன் அடிக்கும்போது மூட்டைக்காரன் அங்கே உட்கார்ந்து வெற்றிலை போட்டு முடித்திருப்பான். பிறகு எந்த மடையன் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக் குலுங்கிக்கொண்டு போவான்?

ஒன்பது வருஷமாக இப்படித்தான். பஸ் வருவதற்கு முன்னால் ஊரில் உருளைக்கிழங்கும் பூண்டும்தான் விளைந்தன. அவை நாலு நாள் கிடந்தாலும் கெடாது, குதிரைக்காரன் வரும்போது ஏற்றிக்கொள்ளலாம். பஸ் வந்த பிறகுதான் பட்டாணி போட்டார்கள். பட்டாணி அப்படிப் பொறுமையான பண்டம் இல்லை. சாயங்காலம் பறித்தது மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பூம்பாறையில் வத்தலக்குண்டு லாரியில் ஏறியாக வேண்டும். பிந்தினால் மூட்டைக்குள் கை வைக்க முடியாது, அப்படிக் கொதிக்கும். அதற்கு அடுத்த நாள் மஞ்சள் பூத்து மாட்டுக்குத்தான் ஆகும்.

மூட்டைக்குச் சீட்டும் கிடையாது. பஸ் கம்பெனிக்காரர்கள் கூலியைக் கையில் வாங்கிக்கொள்வார்கள், துண்டுக் காகிதம்கூடத் தரமாட்டார்கள். எந்த மூட்டை யாருடையது என்று பூம்பாறையில் சண்டை வந்துவிடக் கூடாது அல்லவா? அதற்கு ஊரே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. பழைய சேலைத் துணியை விரல் அகலத்துக்குக் கிழித்து, அதை மறுபடி குறுக்கே இரண்டாகக் கிழிப்பார்கள். ஒரு பாதியை மூட்டையின் காதில் கட்டிவிட்டு மறுபாதியை மடியில் முடிந்துகொள்வார்கள். பூம்பாறையில் இறக்கும்போது கண்டக்டர் சிலுவைராஜ் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பான். கிழிசல் கிழிசலோடு பொருந்தினால் மூட்டை கை மாறும். ஒன்பது வருஷத்தில் ஒரு மூட்டை மாறிப் போனதில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், சிவபாக்கியம் தன் இரண்டு மூட்டைகளையும் ஏற்றிவிட்டுக் கம்பை எடுக்கும்போது சிலுவைராஜ் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். கொடைக்கானல்காரன். மிஷன் பள்ளியில் எட்டாவது வரைக்கும் படித்தவன், பேச்சில் இங்கிலீஷ் தானாக வந்து விழும்.

"யக்கா, ஒரு மேட்டர். இந்த லைன கவர்மெண்டு எடுக்கப் போகுது."

"எடுக்கட்டும் தம்பி. ஒனக்கு வேல உண்டா?"

"எங்களையும் சேத்துக்கிடுவாங்கன்னுதான் பேச்சு. அது இல்லக்கா. எந்த லைன்ல எத்தன பஸ், எங்க நிக்கும், எல்லாம் திட்டம் போட்டு கெசட்ல போட்டுட்டாங்க. கொடைக்கானல்ல இருந்து மன்னவனூர். அதான் லாஸ்ட் ஸ்டாப். இங்க கெடையாது."

சிவபாக்கியத்துக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. இருக்கிற பஸ் எப்படி இல்லாமல் போகும் என்றுதான் நினைத்தாள்.

"ஏன் கெடையாதாம்?"

"கம்பெனிகிட்ட சீட்டுப் புஸ்தகத்த வாங்கிப் பாத்திருக்காங்க. போன ஒரு வருசத்துல மூங்கிப்பள்ளத்துல ஏறின ஆளு மொத்தம் பதினொண்ணு. அதுலயும் நாலு பேரு போலீஸ்காரங்க."

"நித்தம் முப்பது நாப்பது மூட்ட போகுதே தம்பி."

"மூட்டைக்கு ஏதுக்கா சீட்டு? புஸ்தகத்துல மூட்டையே இல்ல." அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். "ஆட்சேபண இருந்தா முப்பது நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணும்னு சட்டம். இருபது நாள் போயிருச்சு. பஸ் மொதலாளிங்க எல்லாம் வக்கீல் வச்சு எழுதுறாங்க. யாரு வேணும்னாலும் எழுதலாம்னு போட்டிருக்கு. நீங்க எழுதுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

சட்டம் என்னவோ பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே டில்லியில் திருத்தியாகிவிட்டது. மலை ஏறி வருவதற்கு அதற்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்குச் சோலைப் பாதையில் இறங்குகையில் சிவபாக்கியம் எல்லாருக்கும் பின்னால் போனாள். முன்னால் போன காளியாயி இரண்டு தரம் திரும்பிப் பார்த்து, "என்னடி, பேய் பிடிச்சவ கணக்கா வார?" என்று கேட்டாள்.

மத்தியானம் வீடு திரும்பியபோது புருஷன் மயில்சாமி அடுப்போரம் உட்கார்ந்து விதைப் பட்டாணி பொறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில், அதே சோலைப் பாதையில், வேரில் கால் வழுக்கி விழுந்தவர். இடுப்பில் முறிவு. நாலு பேர் கம்பளியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். வைத்தியர் பச்சிலை வைத்துக் கட்டினார். எலும்பு கூடத்தான் செய்தது, கோணலாகக் கூடிவிட்டது. இப்போது கம்பு ஊன்றி வீட்டுக்கும் கொல்லைக்கும் நடப்பார். பஸ் நிற்கிற தண்ணீர்த் தொட்டி வாசலில் இருந்து கூப்பிடு தூரம். அங்கேகூட அவர் போவதில்லை. மூட்டை தூக்க முடியாதவனுக்கு அங்கே என்ன சோலி?

சிவபாக்கியம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கையில் இருந்த பட்டாணியை முறத்தில் போட்டார்.

"வித்துருவோம்" என்றார்.

"எத?"

"நெலத்தத்தான். பூம்பாறை கந்தவேலு ரெண்டு வருசமாக் கேட்டுக்கிட்டுக் கெடக்கான். பஸ்ஸு நிக்கப்போகுதுன்னு வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் ஏறெடுத்துப் பாக்கமாட்டான். அதுக்குள்ள வெரசா முடிச்சிரணும். பழனியில ஒந்தங்கச்சி விசாலாட்சி வீட்டுக்காரரு பஞ்சாமிர்தக் கடைக்கு ஆளு வேணும்னு சொன்னாருல்ல. டப்பா அடைக்க எனக்கு இடுப்பு வேண்டியதில்ல."

"எனக்கு?"

"நீயும் அடைக்கலாம்."

"வாழப்பழத்தப் பெசஞ்சுக்கிட்டு நான் கீழ உக்காரணுமாக்கும். இந்த மண்ணுல பட்டாணி வெளையாதுன்னு ஊரே சிரிச்சப்ப மொத வெத ஊனுனது யாரு?"

"நீதான். யாரு இல்லன்னா? அதுக்காகப் பஸ்ஸ நீ தள்ளிக்கிட்டு வருவியா?"

"தள்ளணும்னா தள்ளுவேன்."

மயில்சாமி சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை அது. "ஏ புள்ள, அஞ்சு மைலு மன்னவனூருக்கு ஏத்தம். தலச்சுமையா எத்தன மூட்ட கொண்டு போவ? நான் எந்திரிச்சு நடந்தாலாவது ஆளுக்கு ஒண்ணு தூக்கலாம். ஒத்தப் பொம்பள என்ன செய்வ நீ? நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

இது அவர் வாயிலிருந்து வந்தது இரண்டு வருஷத்தில் முதல் தடவை. ஆனால் அழுதுகொண்டு உட்கார அவளுக்கு நேரம் இல்லை. மிச்சம் இருப்பது பத்தே நாள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே டீச்சர், செல்வமேரி. அவள் கெசட்டு நகலை இரண்டு தடவை படித்து, மூன்றாம் தடவை வாய்விட்டுப் படித்து, மனுவை எழுதினாள். எழுதும்போது தலையை நிமிர்த்திக் கேட்டாள்:

"சட்டத்துல 'பாதிக்கப்படுகிற நபர்'னு போட்டிருக்கு. யார் பேர்ல எழுதட்டும்? ஊர் பேர்லயா, உங்க பேர்லயா?"

"எம்பேர்லயே எழுதுங்க டீச்சர். ஊருன்னு எழுதுனா ஊர்ல யாரு வருவா?"

நியாயமான பேச்சு. ஊர் என்று எழுதிய மனுவுக்கு எந்த ஊரிலும் ஆள் வந்ததில்லை.

மனு தபாலில் போன மூன்றாம் நாள் கம்பெனியின் பூம்பாறை ஏஜெண்டு சுப்புராஜ் காலைப் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு கட்டுக் காகிதம், ஒரு மைப்பெட்டி. தொட்டியடியில் மூட்டைகளோடு நின்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் ஒரு கைநாட்டு வச்சுருங்கப்பா, ஒங்க நன்மைக்குத்தான்" என்றார். அரசாங்கப் பஸ்ஸே மலைக்கு வேண்டாம், இந்தக் கம்பெனியே என்றென்றைக்கும் ஓட்டட்டும் என்று அந்தக் காகிதம் கேட்டது. நாலைந்து பேர் கட்டை விரலை நீட்டிவிட்டார்கள். சிவபாக்கியம் முன்னால் வந்தாள்.

"சுப்புராஜண்ணே, எங்க ஊருல ஆளே ஏறலன்னு புஸ்தகத்தக் குடுத்தது யாரு?"

"உள்ளத உள்ளபடி குடுத்தோம்மா. கேட்டா குடுக்கணும்ல."

"மூட்டைக்கு வாங்குன கூலி எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

சுப்புராஜ் மைப்பெட்டியை மூடினார். "இந்தா பாரும்மா, இந்தப் பேச்செல்லாம் விசாரணையில பேசிராத. அப்புறம் மொதலாளி கோவத்துல நாளைக்கே வண்டிய நிப்பாட்டிருவாரு."

"யாரு ஓட்டுனா எங்களுக்கு என்னண்ணே. மொதலாளி ஓட்டட்டும், கவர்மெண்டு ஓட்டட்டும். வண்டி இந்தத் தொட்டி வரைக்கும் வரணும். அவ்வளவுதான் எங்க பேச்சு."

நீட்டியிருந்த கட்டை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

விசாரணையைக் கொடைக்கானலிலேயே வைத்தார்கள். மே மாதம் என்றால் எந்த அதிகாரிக்கும் கொடைக்கானல் மக்கள்மேல் பாசம் பொங்கிவிடும். சிவபாக்கியம் போக வேண்டிய நாளில் செல்வமேரி டீச்சரும் துணைக்கு வந்தாள். கொடைக்கானல் வரை நடந்து முடியாது. ஆகவே ஒன்பது வருஷமாகப் பட்டாணி ஏற்றிய பஸ்ஸில் சிவபாக்கியம் முதல் தடவையாகக் கால் வைத்தாள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். சிலுவைராஜ் இரண்டு சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "மூங்கிப்பள்ளத்துல சீட்டுக் கிழிக்கிறதுக்கு என் கையே மறந்துபோச்சுக்கா" என்றான். மூன்றாம் வளைவில் அவளுக்குத் தலை சுற்றியது. மன்னவனூர் வருவதற்குள் இரண்டு தடவை ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மடியில் இருந்த துணிப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

விசாரணை நடந்த கூடத்தில் மதுரையிலிருந்து வந்த வக்கீல்கள் கறுப்புக் கோட்டுக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். ஒவ்வொருத்தரும் ஒரு முதலாளிக்காகச் சட்டத்தின் பிரிவு பிரிவாக ஒப்பித்தார்கள். அதிகாரி ஐம்பது வயதுக்காரர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். சிவபாக்கியத்தின் பெயரைக் கூப்பிட்டபோது பகல் இரண்டு மணி.

"நீங்க எந்தக் கம்பெனிம்மா?" என்றார் அதிகாரி, தலையை நிமிர்த்தாமல்.

"கம்பெனி இல்லீங்க. பட்டாணி."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். சிவபாக்கியம் பொட்டலத்தை மேஜைமேல் அவிழ்த்தாள். உள்ளே ஏழு சிறிய முடிச்சுகள். ஒவ்வொன்றையும் பிரித்துப் பரப்பினாள். சிவப்பு, பச்சை, கட்டம் போட்டது, சாயம் போனது என்று கிழிந்த துணி நாடாக்கள் மேஜையை நிறைத்தன.

"இது போன திங்கக்கிழமைங்க. இது செவ்வா. ஊருல வீடு வீடாப் போய் வாங்கி, நாளு நாளா முடிஞ்சு வச்சிருக்கேன். துணிக்கு ஒரு மூட்ட. எங்க ஊருல ஆளு ஏறலன்னு புஸ்தகம் சொல்லுது. அது நெசந்தாங்க. ஆனா எங்க சோறு இந்தப் பஸ்ஸுலதான் போகுது."

துணி எப்படி மூட்டைக்குச் சீட்டானது என்று அவள் விளக்கினாள். அதிகாரி ஒரு நாடாவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு கூடத்தின் பின்னால் சீருடையோடு நின்ற சிலுவைராஜை அழைத்தார். அவன் கம்பெனிக்குச் சாட்சி சொல்ல வந்தவன்.

"இந்தம்மா சொல்றது உண்மையா?"

சிலுவைராஜ் சுப்புராஜைப் பார்த்தான், வக்கீலைப் பார்த்தான். மேஜைமேல் கிடந்த துணிகளைப் பார்த்தான்.

"உண்மைதான் சார். டெய்லி முப்பது நாப்பது மூட்டை. கூலி வாங்குவோம், சீட்டுக் கெடையாது. கம்பெனி ஆர்டர் அப்படி."

வக்கீல் எழுந்தார். அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். பிறகு சிவபாக்கியத்திடம் திரும்பினார்.

"நீங்க சொல்றதை நம்பறேம்மா. ஆனா இந்தச் சட்டத்துல பஸ்ஸுங்கிறது ஆளுக்கு. மூட்டைய வச்சு நான் பஸ் விட முடியாது. சரி, உங்க ஊர்ல எல்லாருமே நடந்துதான் போவீங்களா?"

"எல்லாரும் நடப்போங்க."

"நடக்க முடியாதவங்க?"

"கம்பளியில போட்டுத் தூக்கிட்டுப் போவோம்."

"எத்தனை பேர் தூக்கணும்?"

"நாலு பேரு. ஏத்தம்னா ஆறு பேரு."

"அந்த நேரத்துல பஸ் எங்கே இருக்கும்?"

"ரோட்டுல போய்க்கிட்டு இருக்கும்."

"அதுல என்ன போகும்?"

அதிகாரி கேலிக்காகக் கேட்கவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தார்.

"பட்டாணிங்க" என்றாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அவளுக்கு அந்த ஐப்பசி மாசம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர்கள் வீட்டு மூட்டை பஸ்ஸில் பத்திரமாகப் பூம்பாறை போய்ச் சேர்ந்தது. அதைக் காளியாயி வாங்கி லாரியில் ஏற்றினாள். வழியில் விழுந்த மனுஷனைக் கம்பளியில் தூக்கி வந்து வீட்டில் போட்டார்கள். மறுநாளும் பஸ் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. அதில் ஏற்றிக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கட்டிய பெண்டாட்டிக்கும் தோன்றவில்லை. வாசலில் நின்ற பஸ்ஸில் அவள் மூட்டையை ஏற்றிவிட்டு உள்ளே போய் அவருக்குக் கஞ்சி வைத்தாள். இதை நினைத்ததும் அவளுக்கு அந்தக் கூடத்தில் நிற்கவே வெட்கமாக இருந்தது.

அதிகாரி பென்சிலை வைத்தார். "வர்ற திங்கக்கிழமை தொடங்கி ஒரு வாரம் என் குமாஸ்தா அந்தப் பஸ்ஸுல வருவார். ஒரு நாளைக்கு இருபது பேர் உங்க ஊர்ல ஏறினா, கடைசி அஞ்சு மைலையும் திட்டத்துல சேர்க்கச் சொல்லி நான் எழுதறேன். ஆனா சும்மா ஏறி இறங்கற ஆள் கூடாது. யார் எதுக்குப் போறாங்கன்னு அவர் கேட்பார்."

ஊருக்குத் திரும்பியபோது இன்னொரு செய்தி காத்திருந்தது. மயில்சாமி குதிரைக்காரனிடம் சொல்லியனுப்பிவிட்டார். கந்தவேல் வருகிற வெள்ளிக்கிழமை முன்பணத்தோடு வருகிறானாம். சண்டை போடச் சிவபாக்கியத்திடம் தெம்பு இல்லை, அவளுக்கு இப்போது அவர்மேல் கோபமும் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தொட்டியடியில் ஊரைக் கூட்டினாள். காளியாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அறுபதை நெருங்கியவள், ஊரிலேயே வேகமாக நடப்பவள்.

"ரெண்டு காலையும் வச்சுக்கிட்டு ஒக்காந்து போகச் சொல்றியா? மன்னவனூர்க்காரன் பாத்தா என்ன சொல்லுவான்? மூங்கிப்பள்ளத்துல எல்லாருக்கும் முட்டி கழண்டு போச்சும்பான்."

"ஒங்கள ஏறச் சொல்லல மதினி. நீங்க நடங்க. நடக்க முடியாம வீட்டுக்குள்ள கெடக்குறவுகள ஏத்துவோம்."

"அப்படி யாருடி கெடக்கா?"

இதற்குப் பதில் சிவபாக்கியத்துக்கும் தெரியாது. ஆகவே வீடு வீடாகப் போனாள். மேலத்தெருவில் வேலுச்சாமித் தாத்தா பூம்பாறைக் கோயிலில் குழந்தை வேலப்பரைப் பார்த்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. வள்ளிக்கு ஏழு மாசம், கால் இரண்டும் வீங்கிக் கிடந்தது. கொல்லன் வீட்டுக்காரர் பல்வலியால் பத்து நாளாகக் கஞ்சிதான் குடிக்கிறார். மூத்த மகளைப் பூம்பாறையில் கட்டிக் கொடுத்துவிட்டு, பேரப்பிள்ளை முகம் பார்க்காமல் ஒரு கிழவி இருந்தாள். வாதம் வந்தவர், கண் மங்கியவர், காலில் ஆணி உள்ளவர். அறுபது வீட்டில் இருபத்தாறு பேர் தேறினார்கள். இத்தனை பேரா என்று சிவபாக்கியத்துக்கு மலைப்பாக இருந்தது. எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள், எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"இத்தன நாளா ஏன் பஸ்ஸுல போகல?"

"யாரும் போகலயே ஆத்தா."

கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தாள்.

"என்னங்க, நாளைக்கு நீங்களும் ஏறணும்."

மயில்சாமி நிமிர்ந்தார். "என்னையத் தூக்கிக் கூரையில கட்டப் போறியா? நான் என்ன மூட்டையா?"

"மூட்டைக்கு இருந்த மதிப்புக்கூட ஒங்களுக்கு இல்லாமப் போச்சுங்க. அதத்தான் அந்த அதிகாரி எம்மூஞ்சிக்கு நேரா கேட்டாரு." அவள் தரையில் உட்கார்ந்தாள். "அன்னைக்கு ஒங்கள இந்தப் பஸ்ஸுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா, இன்னைக்கு நேரா நடந்திருப்பீங்க. எனக்குத் தோணல. சத்தியமா எனக்குத் தோணவே இல்ல. ஏந்தப்புதான்."

மயில்சாமியின் கை முறத்தில் பட்டாணியைப் பொறுக்குவதுபோல அளைந்துகொண்டே இருந்தது, ஒன்றையும் பொறுக்கவில்லை.

"எனக்குந்தான் தோணல" என்றார் கடைசியில். "போ, போய் மூட்டையக் கட்டு. பொழுது சாயுது."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வெள்ளனே பனி பள்ளத்தை மூடியிருந்தது. பஸ் வந்து நின்றது. ஸ்வெட்டரும் மப்ளருமாக ஒரு குமாஸ்தா, அட்டையில் காகிதம் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல மூட்டைகள் கூரைக்கு ஏறின. ஆள்கள்தான் வரவில்லை. வேலுச்சாமித் தாத்தா வந்தார், வள்ளி வந்தாள், பல்வலிக்காரர் தாடையைக் கட்டிக்கொண்டு வந்தார். இன்னும் சிலர் வந்தார்கள். எண்ணினால் பதின்மூன்று. மிச்சப் பேர் அவரவர் வாசலிலேயே போர்வையோடு நின்றார்கள். காளியாயியும் இளவட்டங்களும் கம்போடு நின்று வேடிக்கை பார்க்கிற இடத்தில், அவர்களைத் தாண்டி வந்து பஸ்ஸில் உட்காருவதற்குக் கூச்சம். இத்தனை வருஷம் நடக்க முடியாததை ஊருக்குத் தெரியாமல் வீட்டுக்குள் மறைத்து வைத்திருந்தவர்கள், இப்போது அதை எல்லார் கண்முன்னும் கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்தது.

சிவபாக்கியம் ஒரு வாசலுக்கு ஓடினாள், அடுத்த வாசலுக்கு ஓடினாள். "வாங்க பெரியம்மா, நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றாள். பெரியம்மா உள்ளே போய்விட்டாள். டிரைவர் எஞ்சினை முடுக்கினார். இன்னும் ரெண்டு நிமிஷம் என்று சிலுவைராஜ் அவருக்குக் கை காட்டினான்.

அப்போது மயில்சாமி வந்தார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. கம்பை ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாசலில் இருந்து தொட்டிக்கு அத்தனை பேர் முன்னாலும் நடந்து வந்தார். கூப்பிடு தூரத்தைக் கடக்க அவருக்கு நெடு நேரம் ஆயிற்று. ஒரு பையன் கைகொடுக்கப் போனபோது, "விடுலே" என்றார். காளியாயி தன் கம்பைக் கீழே போட்டுவிட்டுப் போய்ப் பஸ்ஸின் படியடியில் நின்றுகொண்டாள். "தோளப் பிடிச்சுக்க தம்பி, படி ஒசரமாருக்கு" என்றாள். மயில்சாமி அவள் தோளைப் பிடித்து ஏறினார்.

அதற்குப் பிறகு வாசல்களில் இருந்து போர்வைகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்தன. காளியாயி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் தோள் கொடுத்து ஏற்றினாள். குமாஸ்தாவின் பென்சில் இருபதைத் தாண்டியது. அந்த வாரம் முழுவதிலும் ஒரு நாளும் அது இருபதுக்குக் கீழே இறங்கவில்லை.

குமாஸ்தா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு மயில்சாமியிடம் வந்தார்.

"எங்க போறீங்க?"

"பூம்பாறைக்கு."

"என்ன வேலையா?"

"அங்க கந்தவேலுன்னு ஒருத்தன். வெள்ளிக்கெழம வந்து எங்க நெலத்தப் பேசுறேன்னு இருக்கான். வர வேண்டாம்னு சொல்லணும்."

"அதை யாரிடமாவது சொல்லியனுப்பக் கூடாதா?" சந்தேகப்படுவது அவருக்கு உத்தியோகம்.

"வரச் சொன்னது நானுங்க. வேண்டாம்னும் நான்தான் போய்ச் சொல்லணும். அதான மரியாத."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். சிவபாக்கியம் வெளியே ஜன்னலுக்குக் கீழே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷப் பழக்கம், கையில் கம்பு, பாதையைப் பார்த்துத் திரும்பிய கால். மேலே நடக்க முடியாமல் அப்படியே நின்றாள்.

"இந்தம்மா?" என்று குமாஸ்தா ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார்.

"எம்பொண்டாட்டி. அவளும் வாரா, எழுதிக்கிடுங்க." மயில்சாமி சீட்டில் நகர்ந்து இடம் விட்டார். "ஏ புள்ள, கம்பப் போட்டுட்டு ஏறு. நேரமாகுதுல்ல."

சிவபாக்கியம் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிலுவைராஜ் விசில் கொடுத்தான். குமாஸ்தா அட்டையை மூடப்போனார்.

"இருங்க" என்றார் மயில்சாமி. "சாயங்காலப் பஸ்ஸுக்கும் இப்பவே எழுதிக்கிடுங்க. ரெண்டு பேரு."

"அதுக்கு நான் கணக்கு எடுக்கலையே. காலையில ஏறுறவங்களை மட்டும்தான் எழுதச் சொல்லியிருக்கு."

"எழுதுங்கய்யா. நாங்க திரும்பி வரணும்ல."